கம்ப்யூட்டருக்குக் காவல் வைத்த டாம் கில்பர்ன்

செல்போனில் குழந்தையைப் படம் பிடிக்கிறோம். அடுத்த நொடியில் அந்தப் படம் போனுக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து விடுகிறது.

அதை உள்ளே கொண்டுபோய் வைத்தது யார்? படம் பிடிக்கும் புரோகிராம்தான் என்று நினைப்போம்.

இல்லை! அந்தப் புரோகிராமுக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. போனின் ஞாபகக் கிடங்கை அது தன் கையால் தொடவே முடியாது. இந்தப் படத்தை வாங்கி வைக்க வேண்டும் என்று அது ஒரு மனுப் போடும். மனுவைப் போட்டுவிட்டு நிற்கும். உள்ளே ஒரு தலைமைப் புரோகிராம் இருக்கிறது. அது மனுவைச் சரி பார்க்கும். நியாயமான மனுவாக இருந்தால் வேலையைத் தானே செய்து முடித்து, பதில் சொல்லி அனுப்பும். பிறகுதான் படம் பிடிக்கும் புரோகிராம் தன் வழியில் மேலே நடக்கும்.

இந்தத் தலைமைப் புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். அதனிடம் போடும் மனுவுக்கு சிஸ்டம் கால் என்று பெயர். ஒரு போனுக்குள் நொடிக்கு ஆயிரக்கணக்கான மனுக்கள் போய் வந்து கொண்டிருக்கின்றன. நமக்குச் சத்தமே கேட்பதில்லை.

எதற்காக இந்தக் காவல்? இந்த வாசலை முதன் முதலில் கட்டியவர்கள் யார்? அவர்களுள் முன் வரிசையில் நிற்பவர், இங்கிலாந்தில் ஒரு குமாஸ்தாவின் மகனாகப் பிறந்தவர். அவர் பெயர் டாம் கில்பர்ன்.

குமாஸ்தாவின் மகன்

இங்கிலாந்தில் யார்க்ஷயர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே டூஸ்பரி என்ற ஊர், கம்பளி ஆலைகளுக்குப் பேர் போனது. 1921-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி டாம் கில்பர்ன் அந்த ஊரில் பிறந்தார்.

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பிடித்தது ஒரே பாடம். அது கணக்கு. தலைமை ஆசிரியரும் கணக்கில் ஆர்வம் உள்ளவர். பையனின் திறமையைக் கண்டு, மற்றப் பாடங்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கிலேயே மூழ்கி இருக்க அனுமதி கொடுத்தார்.

கணக்கு அவரைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. படிப்புக் காலத்தைச் சுருக்கி விட்டார்கள். 1942-ல் முதல் வகுப்பில் தேறி வெளியே வந்தார். விமானத்தில் பறக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. ஆனால் அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஆட்கள். சில வாரங்கள் மின்சாரம் பற்றி அவசர அவசரமாகப் பாடம் நடத்தினார்கள். பிறகு மால்வர்ன் என்ற ஊரில் இருந்த ரேடார் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பி வைத்தார்கள்.

அங்கே பிரெடரிக் வில்லியம்ஸ் என்ற பெரிய நிபுணர் இருந்தார். அனுபவம் உள்ள ஓர் உதவியாளர் வருவார் என்று அவர் காத்திருந்தார். வந்து நின்றதோ 21 வயது இளைஞர். எலெக்ட்ரானிக்ஸ் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே தெரியாதவர். வில்லியம்சுக்குப் பெருத்த ஏமாற்றம்!

அந்த ஏமாற்றம் நீடிக்கவில்லை. கணக்குப் பிள்ளை மின்சாரத்தையும் கற்றுக் கொண்டார். போர் முடிவதற்குள் வில்லியம்சின் வலது கையாகி விட்டார்.

இதற்கு இடையில் கல்யாணமும் நடந்தது. 1943-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐரீன் மார்ஸ்டன் என்ற பெண்ணை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகன், ஒரு மகள்.

ஒளிப் புள்ளியில் ஞாபகம்

போர் முடிந்தது. 1946-ம் ஆண்டு டிசம்பரில் வில்லியம்ஸ் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். கில்பர்னும் கூடவே போனார்.

அந்த நாளில் உலகத்தின் பெரிய மூளைகள் எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றிக் கொண்டிருந்தன. மின் வேகத்தில் கணக்குப் போடும் எந்திரத்தைச் செய்யலாம். ஆனால் அது எண்களையும் கட்டளைகளையும் எங்கே ஞாபகம் வைத்துக் கொள்ளும்? ஞாபகமும் மின் வேகத்தில் வேலை செய்ய வேண்டுமே!

வில்லியம்சும் கில்பர்னும் ரேடாரில் பயன்பட்ட கண்ணாடிக் குழாயை எடுத்துக் கொண்டார்கள். பழைய டெலிவிஷன் பெட்டியில் இருந்த படக் குழாய் மாதிரியானது அது. அதன் முகப்பில் மின்சாரப் புள்ளிகளை வைத்தார்கள். ஒருவிதப் புள்ளி என்றால் 0. இன்னொரு விதம் என்றால் 1. புள்ளிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் அழிந்து போகும். அழிவதற்கு முன்பே திரும்பத் திரும்பப் படித்து, திரும்பத் திரும்ப எழுதினார்கள். 1947-ம் ஆண்டு முடிவதற்குள் ஒரு குழாயில் 2,048 புள்ளிகளை நிலையாக நிறுத்திக் காட்டினார்கள்.

ஞாபகம் கிடைத்து விட்டது. இனி அதைச் சோதிக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். ஜெப் டூட்டில் என்ற நண்பரும் சேர்ந்து கொண்டார். மூவரும் சேர்ந்து ஒரு சிறிய கம்ப்யூட்டரைக் கட்டினார்கள். அதற்குப் பிற்காலத்தில் 'பேபி' என்ற செல்லப் பெயர் நிலைத்து விட்டது.

1948-ம் ஆண்டு ஜூன் மாதம் 21-ந் தேதி. கில்பர்ன் 17 கட்டளைகள் கொண்ட ஒரு புரோகிராமை எழுதி 'பேபி'யில் ஏற்றினார். 2,62,144 என்ற எண்ணை மீதி இல்லாமல் வகுக்கும் எண்களில், அந்த எண்ணைத் தவிர்த்து, மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் கணக்கு. எந்திரம் ஒவ்வோர் எண்ணாகக் குறைத்துக் கொண்டே போய்ச் சோதித்தது. 52 நிமிடங்கள் ஓடின. கடைசியில் 1,31,072 என்ற சரியான விடை குழாயின் முகத்தில் ஒளிப் புள்ளிகளாகத் தெரிந்தது!

கட்டளைகளைத் தன் மின்னணு ஞாபகத்திலேயே வைத்துக் கொண்டு கம்ப்யூட்டர் ஒன்று வேலை செய்தது உலகத்தில் அதுவே முதல் தடவை. கில்பர்னுக்கு அப்போது வயது 26.

ஒரு வீடு, ஒரே குடித்தனம்

'பேபி' வளர்ந்தது. அதைப் பின்பற்றி மான்செஸ்டரில் பெரிய கம்ப்யூட்டர் உருவாயிற்று. பெரான்டி என்ற கம்பெனி அதை மேலும் திருத்தி, 1951-ம் ஆண்டு பிப்ரவரியில் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. பிரபல கணித மேதை ஆலன் டூரிங் மான்செஸ்டருக்கு வந்து, அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் முறையை விளக்கிக் கைநூல் எழுதினார்.

அந்தக் கம்ப்யூட்டர்கள் ஒரே குடித்தனம் உள்ள வீடு மாதிரி. ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் உள்ளே இருக்கும். அது இருக்கும் வரை வீடு முழுவதும் அதற்கே சொந்தம். ஞாபகக் கிடங்கில் எந்த இடத்திலும் எழுதலாம். அச்சு எந்திரத்தை ஓட்டலாம். கேட்பார் இல்லை. தப்புச் செய்தால் நஷ்டம் அதற்கு மட்டுமே.

அதனால் அப்போது காவல் தேவைப்படவில்லை.

ஆனால் ஆண்டுகள் போகப் போக ஒரு சங்கடம் முளைத்தது. கம்ப்யூட்டரின் வேகம் ஏறிக் கொண்டே போயிற்று. கூட இருக்கும் மற்ற எந்திரங்கள் அந்த வேகத்துக்கு ஓடி வரவில்லை. துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் எந்திரம் நொடிக்கு 300 எழுத்துகளைப் படித்தது. மனிதக் கண்ணுக்கு அது மின்னல் வேகம். கம்ப்யூட்டருக்கோ அது ஆமை வேகம். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் ஆயிரம் கட்டளைகளை முடித்து விடக் கூடிய கம்ப்யூட்டர், ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றது!

இவ்வளவு விலை உயர்ந்த எந்திரத்தைச் சும்மா நிறுத்தலாமா? ஒரு புரோகிராம் நாடாவுக்காகக் காத்திருக்கும் போது இன்னொரு புரோகிராமை ஓட விட்டால் என்ன?

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஒரே வீட்டில் பல குடித்தனம் வைத்தால் என்ன நடக்கும்? அங்கேதான் ஆபத்து இருந்தது.

பக்கத்து வீட்டுப் பானையில் கை

புரோகிராம் எழுதுபவர் மனிதர். மனிதர் தப்புச் செய்வார். ஓர் எண்ணை மாற்றி எழுதி விட்டால் போதும். முதல் புரோகிராம், இரண்டாவது புரோகிராமின் இடத்தில் போய் எழுதி விடும். விமானத்தின் இறக்கைக்குப் போட்ட கணக்கில் வானிலைக் கணக்கின் எண்கள் போய்க் கலந்து விடும். யாருக்கும் தெரியாது. விடை மட்டும் தப்பாக வரும்.

இரண்டு புரோகிராம்கள் ஒரே அச்சு எந்திரத்தை ஒரே நேரத்தில் பிடித்தால், இதில் ஒரு வரி, அதில் ஒரு வரி என்று அச்சாகும். ஒரு புரோகிராம் முடிவில்லாமல் சுற்றிக் கொண்டே இருந்தால், மற்றவை பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

தப்புச் செய்யாதீர்கள் என்று எல்லோரையும் கேட்டுக் கொள்வது தீர்வாகாது. தப்புச் செய்தாலும் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சேதம் வராதபடி எந்திரத்தையே அமைக்க வேண்டும்.

இந்தப் பொறுப்பைக் கையில் எடுத்தவர் கில்பர்ன்.

கேட்டது பணம், கிடைத்தது தயக்கம்

1950-களின் நடுவில் அமெரிக்கா மிகப் பெரிய கம்ப்யூட்டர்களைக் கட்டத் தொடங்கி விட்டது. இங்கிலாந்து பின் தங்கிவிடுமே என்று கில்பர்ன் கவலைப்பட்டார். நொடிக்குப் பத்து லட்சம் கட்டளைகளை நிறைவேற்றும் வேகத்தைக் குறியாக வைத்து, 1956-ம் ஆண்டு முடிவில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அதன் பெயர் 'மியூஸ்'.

அரசாங்கப் பணம் உடனே வரவில்லை. யாரிடம் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்ற பேச்சே நீண்டு கொண்டு போயிற்று. கில்பர்ன் காத்திருக்கவில்லை. பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரின் நேரத்தை வெளியாருக்கு விற்றதில் ஒரு நிதி சேர்ந்திருந்தது. அந்தப் பணத்தைப் போட்டு வேலையை ஆரம்பித்து விட்டார்! 1959-ல் பெரான்டி கம்பெனி கூட்டுச் சேர்ந்தது. திட்டத்தின் பெயரும் 'அட்லஸ்' என்று மாறியது.

அட்லசின் ஞாபகக் கிடங்கே ஓர் அதிசயம். வேகமான உள் கிடங்கில் 16,384 எண்களுக்குத்தான் இடம். அதற்கு வெளியே சுழலும் காந்த உருளைகளில் 98,304 எண்களுக்கு இடம் இருந்தது. உருளை மெதுவானது. இரண்டையும் ஒரே பெரிய கிடங்காகப் புரோகிராமுக்குக் காட்டினார்கள் கில்பர்ன் குழுவினர். கிடங்கைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒரு துண்டுக்கு 512 எண்கள். வேண்டிய துண்டு உள்ளே இல்லை என்றால், எந்திரமே அதை உருளையில் இருந்து கொண்டு வந்து சேர்க்கும். புரோகிராம் எழுதுபவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பூட்டும் வைத்தார்கள். ஒரு புரோகிராம் ஓடும் போது மற்றவற்றின் துண்டுகள் பூட்டப்பட்டு இருக்கும். பக்கத்து வீட்டுப் பானையில் கை வைக்க வழி அடைபட்டது.

மடையும் நீர்பாய்ச்சியும்

அடுத்தது பெரிய கேள்வி. எல்லாவற்றையும் பூட்டி விட்டால் புரோகிராம் எப்படி வேலை செய்யும்? நாடாவைப் படிக்க வேண்டாமா? விடையை அச்சிட வேண்டாமா?

நம் ஊர் ஏரிப் பாசனத்தை நினைத்துப் பாருங்கள். மடையை அவரவர் இஷ்டத்துக்குத் திறக்க விட்டால், முதல் வயலில் வெள்ளம், கடைசி வயலில் வறட்சி. அதனால்தான் நீர்பாய்ச்சி என்று ஒருவரை ஊர் நியமித்தது. தண்ணீர் வேண்டும் என்றால் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் முறை பார்ப்பார். மடையைத் திறந்து பாய்ச்சுவார். பிறகு மூடுவார். விவசாயிக்குத் தண்ணீர் கிடைக்கும். ஆனால் மடையின் மேல் அவர் கை படாது.

அட்லசில் இருந்த நீர்பாய்ச்சியின் பெயர் சூப்பர்வைசர். அது ஒரு புரோகிராம். மற்றப் புரோகிராம்களை மேய்க்கும் புரோகிராம். இன்று கெர்னல் என்று சொல்வதன் முன்னோடி அதுதான். பெரான்டி கம்பெனியின் டேவிட் ஹோவார்த் தலைமையில் ஒரு குழு அதை எழுதியது. கில்பர்ன், ஹோவார்த், புரூஸ் பெய்ன், பிராங்க் சம்னர் ஆகிய நால்வரும் 1961-ல் அதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள்.

சரி, சாதாரணப் புரோகிராம் சூப்பர்வைசரைக் கூப்பிடுவது எப்படி? அதற்கு எந்திரத்தின் கம்பிகளிலேயே ஒரு வழி செய்யப்பட்டது.

மூன்று விரல்கள்

கம்ப்யூட்டர் கட்டளைகளை வரிசையாகப் படித்துக் கொண்டு போகும். புதிதாக எழுத்துக் கற்பவர் வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பது போல, அதற்கும் ஒரு 'விரல்' உண்டு. அடுத்த கட்டளை எங்கே என்று அது காட்டும்.

மற்றக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் ஒரு விரல். அட்லசுக்கு மூன்று விரல்கள்!

முதல் விரல் சாதாரணப் புரோகிராமுக்கு. இரண்டாவது விரல், புரோகிராம் கேட்கும் உதவிகளைச் செய்யும் கட்டளைகளுக்கு. மூன்றாவது விரல், அவசரத்துக்கு. நாடா எந்திரமோ அச்சு எந்திரமோ தன் வேலையை முடித்து மணி அடித்தால், உடனே மூன்றாவது விரல் ஓடத் தொடங்கும்.

அட்லசின் ஒவ்வொரு கட்டளையும் 48 இலக்கங்கள் கொண்டது. எல்லாம் 0 அல்லது 1. அவற்றில் முதல் இலக்கத்தில்தான் சூட்சுமம் இருந்தது.

முதல் இலக்கம் 0 என்றால் அது சாதாரணக் கட்டளை. கூட்டல், கழித்தல் போன்றவை. எந்திரம் தானே செய்து விடும்.

முதல் இலக்கம் 1 என்றால், புரோகிராம் கதவைத் தட்டுகிறது என்று அர்த்தம்! இதற்கு 'எக்ஸ்ட்ராகோட்' என்று பெயர் வைத்தார்கள்.

தட்டியதும் என்ன நடக்கும்? முதல் விரல் இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டாவது விரல் உயிர் பெறும். அது புரோகிராம் சொன்ன இடத்துக்குப் போகாது. எந்த எண்ணுள்ள உதவி கேட்கப்பட்டதோ, அந்த உதவிக்கென்று முன்பே குறித்து வைத்த இடத்துக்கு மட்டுமே போகும். இது முக்கியம். உள்ளே நுழைபவர் நினைத்த அறைக்குள் நுழைய முடியாது. வாசல் எங்கே என்று வீட்டுக்காரர்தான் முடிவு செய்வார்.

இரண்டாவது விரல் வேலையை முடித்ததும், முதல் விரல் விட்ட இடத்தில் இருந்து மறுபடியும் நடக்கும். புரோகிராமைப் பொறுத்தவரை, ஒரே ஒரு கட்டளை நிறைவேறியது போலத்தான் இருக்கும். உள்ளே நூற்றுக்கணக்கான கட்டளைகள் ஓடி இருக்கலாம். அது வெளியே தெரியாது.

இந்த உதவிகள் இருநூறுக்கும் மேல் இருந்தன. சில உதவிகள் எளியவை. மடக்கை போன்ற கணக்குகளைப் போட்டுக் கொடுப்பவை. மற்றவை சூப்பர்வைசரிடம் போகும் மனுக்கள். நாடாவில் இருந்து படித்துக் கொடு, விடையை அச்சுக்கு அனுப்பு, இன்னும் கொஞ்சம் இடம் கொடு என்று கேட்பவை. இந்த இரண்டாவது வகைதான் இன்றைய சிஸ்டம் காலின் மூத்த அண்ணன்.

புரோகிராம் கதவைத் தட்டாமல், நாடா எந்திரத்தை நேரே தொட முயன்றால்? முதல் விரல் ஓடும் போது அந்த இடங்கள் எல்லாம் தடை செய்யப்பட்ட இடங்கள். தொட்ட உடனே மணி அடிக்கும். சூப்பர்வைசர் விழித்துக் கொண்டு, தப்புச் செய்த புரோகிராமை நிறுத்தி விடும். மற்றவை தொல்லை இல்லாமல் ஓடும். சொன்ன நேரத்துக்கு மேல் ஓடிக் கொண்டே இருக்கும் புரோகிராமுக்கும் இதே கதிதான்.

அழிக்க முடியாத எழுத்து

காவல்காரரையே யாராவது மாற்றி விட்டால் என்ன செய்வது? ஒரு தப்பான புரோகிராம், சூப்பர்வைசரின் கட்டளைகள் மேலேயே எழுதி விட்டால்?

அதற்கும் வழி செய்தார்கள். உதவி செய்யும் கட்டளைகளையும், சூப்பர்வைசரின் முக்கியப் பகுதியையும் ஒரு தனிக் கிடங்கில் வைத்தார்கள். அந்தக் கிடங்கு, கம்பிகளால் நெய்த வலை. வலையின் கண்களில் சின்னச் சின்னக் காந்தத் துண்டுகளைச் செருகினார்கள். துண்டுகள் எங்கே இருக்கின்றன என்பதே கட்டளை. படிக்கலாம். ஆனால் எந்தப் புரோகிராமாலும் அதன் மேல் எழுத முடியாது. 8,192 கட்டளைகளுக்கு அதில் இடம் இருந்தது.

ஒரு கட்டளையைத் திருத்த வேண்டுமானால், மனிதர் போய்க் கையால் துண்டை மாற்ற வேண்டும்!

1962-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 7-ந் தேதி அட்லஸ் திறப்பு விழா நடந்தது. நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி சர் ஜான் காக்கிராப்ட் திறந்து வைத்தார். உலகத்தின் மிக வலிமை வாய்ந்த கம்ப்யூட்டர்களில் ஒன்று என்று அன்று அது போற்றப்பட்டது. பல ஊர்களில் இருந்து, பல துறைகளில் இருந்து கணக்குகள் வந்து குவிந்தன. ஒருவர் கணக்கு இன்னொருவர் கணக்கோடு கலக்காமல், அட்லஸ் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் செய்து கொடுத்தது.

இந்தப் பெருமை முழுவதும் கில்பர்ன் ஒருவருக்கே என்று சொல்வது நியாயம் ஆகாது. எந்திரத்தை அமைப்பதில் டேய் எட்வர்ட்ஸ் அவருக்குத் தோள் கொடுத்தார். சூப்பர்வைசரை எழுதிய உழைப்பு ஹோவார்த் குழுவினருடையது. அமெரிக்காவிலும் இதே காலத்தில் இதே கேள்விக்கு விடை தேடினார்கள். பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்து கொள்ளும் முறையை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1961-ல் செய்து காட்டினார்கள். ஆனால் கிடங்குக்குப் பூட்டு, தட்டுவதற்குக் கதவு, அழிக்க முடியாத காவல் ஆகிய மூன்றையும் திட்டம் போட்டு ஒரே எந்திரத்தின் உடம்பிலேயே வைத்துக் கட்டியதில் கில்பர்ன் குழுவினர் முன்னே நின்றார்கள். இந்தத் துறையின் வரலாற்றை எழுதிய பெர் பிரிஞ்ச் ஹான்சன் என்ற நிபுணர், அட்லசின் சூப்பர்வைசரை எல்லாவற்றிலும் பெரிய திருப்பமாக மதித்தார்.

விற்கவில்லை, ஆனால் பரவியது

வியாபாரத்தில் அட்லஸ் வெல்லவில்லை. மான்செஸ்டர், லண்டன், சில்ட்டன் ஆகிய மூன்று இடங்களுக்கு மட்டுமே அட்லஸ் போயிற்று. அதன் மாறுபட்ட வடிவம் ஒன்று கேம்பிரிட்ஜ் முதலிய இடங்களில் ஓடியது. பெரான்டி கம்பெனி 1963-ல் தன் பெரிய கம்ப்யூட்டர் தொழிலையே விற்று விட்டது. மான்செஸ்டரின் அட்லஸ் 1971-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தோடு நின்றது.

எந்திரம் நின்றது. எண்ணம் நிற்கவில்லை.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் யூனிக்ஸ் பிறந்தது. 1991-ல் லினக்ஸ் வந்தது. இவை தனித்தனியே வளர்ந்தவை. ஆனால் அடிப்படை ஏற்பாடு மாறவில்லை. சாதாரணப் புரோகிராம் வெளியே. கெர்னல் உள்ளே. நடுவில் ஒரே வாசல். புரோகிராம் தனக்கு வேண்டிய உதவியின் எண்ணைக் குறிப்பிட்ட இடத்தில் வைத்துவிட்டு, அதற்கென்று உள்ள ஒரு தனிக் கட்டளையைப் போடும். கெர்னல் விழித்து, மனுவைச் சோதித்து, வேலையை முடித்துத் திருப்பி அனுப்பும். தட்டாமல் நுழைந்த புரோகிராம் நிறுத்தப்படும்.

செல்போனில் ஒரு விளையாட்டுப் புரோகிராம் திடீர் என்று நின்று போனாலும், போன் நின்று போகாமல் இருக்கிறதே, அதற்குக் காரணம் இந்தக் காவல்தான். நம் வங்கிக் கணக்கைக் காட்டும் புரோகிராமின் பக்கங்களை, பக்கத்தில் இருக்கும் விளையாட்டுப் புரோகிராம் நேரே படிக்க முடியாமல் இருப்பதும் இதனால்தான்.

பேராசிரியர்

1964-ல் மான்செஸ்டரில் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்துக்கென்று தனித் துறை தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் கில்பர்ன். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட துறைகளுக்கு அது முன்னோடி. 1965-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். 1973-ல் அரசாங்க விருது கிடைத்தது. அட்லசுக்குப் பிறகு எம்.யு.5 என்ற இன்னொரு பெரிய கம்ப்யூட்டரையும் தன் குழுவோடு கட்டி முடித்தார்.

'பேபி' அவர் கட்டிய முதல் எந்திரம். எம்.யு.5 ஐந்தாவது பெரிய எந்திரம். அதிகம் பேசாதவர். பெயருக்கும் புகழுக்கும் அலையாதவர். கட்டி முடித்த எந்திரத்தைப் பற்றிப் பெருமை பேசுவதை விட, அடுத்த எந்திரத்தைப் பற்றி யோசிப்பதே அவருக்குப் பிடித்திருந்தது.

அவருக்கு இருந்த ஒரே பித்து, கால்பந்து! மான்செஸ்டர் யுனைடெட் குழுவின் தீவிர ரசிகர். கோடையில் குடும்பத்தோடு பிளாக்பூல் கடற்கரைக்குப் போவார். பந்தயப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்குள் தவறாமல் ஊர் திரும்பி விடுவார்.

1981-ல் தம் அறுபதாவது வயதில் ஓய்வு பெற நினைத்தார். காரணம் மனைவி ஐரீன். அவர் உடல் நலம் குன்றி இருந்தார். கூடவே இருந்து கவனித்துக் கொள்ள வேண்டும் என்பது கில்பர்னின் விருப்பம். ஆனால் விதி காத்திருக்கவில்லை. ஓய்வு பெறும் நாள் வருவதற்குச் சில நாட்கள் முன்பு, அந்த ஆகஸ்டு மாதத்திலேயே ஐரீன் கண் மூடி விட்டார். எத்தனையோ பேருடைய நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தவருக்கு, மனைவியோடு இருக்க நினைத்த நேரம் கிடைக்காமல் போயிற்று.

மறுபடியும் ஓடிய 'பேபி'

1998-ம் ஆண்டு வந்தது. 'பேபி' ஓடி ஐம்பது ஆண்டுகள். பழைய எந்திரம் எப்போதோ பிரிக்கப்பட்டு விட்டது. ஆர்வம் உள்ளவர்கள் பழைய படங்களையும் குறிப்புகளையும் தேடி எடுத்து, அதே மாதிரி எந்திரத்தைப் புதிதாகக் கட்டினார்கள்.

ஜூன் மாதம் 21-ந் தேதி, முதிய கில்பர்னும் டூட்டிலும் அதன் முன்னால் வந்து நின்றார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு பார்த்த அதே ஒளிப் புள்ளிகள் மறுபடியும் கண்ணாடியில் மினுமினுத்தன.

2001-ம் ஆண்டு ஜனவரி மாதம் 17-ந் தேதி கில்பர்ன் காலமானார். அப்போது அவருக்கு வயது 79. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் துறை இருக்கும் கட்டிடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கட்டிடத்தில் இருக்கும் பெயரை மான்செஸ்டருக்குப் போகிறவர்கள் படிப்பார்கள். ஆனால் அவரும் அவருடைய தோழர்களும் கட்டிய அந்த வாசல், ஊர் ஊராக, வீடு வீடாக, பையில் இருக்கும் போனுக்குள் எல்லாம் இருக்கிறது. அடுத்த முறை குழந்தையின் படம் போனில் பத்திரமாகச் சேரும் போது, உள்ளே ஒரு புரோகிராம் பணிவோடு கதவைத் தட்டிவிட்டுக் காத்து நின்றது என்று நினைத்துக் கொள்ளலாம்.